உப்பில்லாத் தபசு

வாளைக் கருவாட்டை மென்று விழுங்கிய தொம்மைக்கு விலை சொல்ல வாய் வரவில்லை.

பெண்கள் காத்திருந்தார்கள். புன்னைக்காயலிலிருந்து கடகப்பெட்டிகளை மாட்டுவண்டியில் ஏற்றிவந்து, ஸ்ரீவைகுண்டம் ஆற்றங்கரையில் தொம்மையின் கருவாட்டுச் சரக்குக் கிட்டங்கிக்கு முன்னால் இறக்கி வைத்திருந்தார்கள். வாரம்தோறும் நடப்பதுதான். தொம்மை ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு துண்டு பிய்ப்பார், மெல்லுவார், விழுங்குவார், விலை சொல்லுவார். சொன்னால் சொன்னதுதான். ஏரலிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரை தாமிரபரணிக் கரையில் கருவாடு விற்ற ஒருவனும் அந்த நாக்கைச் சந்தேகப்பட்டதில்லை.

இன்று நாக்கு இருந்தது. பேச்சு இல்லை.

"என்ன அண்ணாச்சி, விலையையும் சேத்து முழுங்கிட்டேரா?" என்றாள் சவேரியம்மா. அந்தப் பெண்களில் வாய் நீண்டவள் அவள்தான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

தொம்மையும் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வாயின் ஒரு பக்கத்தில் மட்டும் வந்தது. மறுபக்கம், கீல் கழன்ற சன்னல் கதவுபோலத் தொங்கிற்று. வலது கையிலிருந்த மீதித் துண்டு நழுவிப் புழுதியில் விழுந்தது.

தராசுப் பக்கம் நின்ற அவர் மனைவி பவுலின் அதைப் பார்த்துவிட்டாள். வந்து, அவர் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் மூட்டைமேல் உட்காரவைத்தாள். ஒரு வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரம் இருக்கும். கோணிய வாய் தானாக நேரே வந்தது.

"ஒண்ணுமில்லளா, வெயிலு" என்றார் தொம்மை.

"தை மாசத்துல காலை வெயிலு ஆளை அடிக்குதாக்கும்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். மிச்சப் பெட்டிகளுக்கும் விலை சொன்னார். வியாபாரம் நடந்தது. பவுலின் மட்டும் தராசைத் தொடவில்லை. அவள் கண் கிட்டங்கி வாசற்படியிலேயே இருந்தது. போன வருஷம் அந்தப் படியில்தான் தொம்மையின் அண்ணன் ஹென்றி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

அந்தக் குடும்பத்து ஆட்களுக்குத் தடித்த கழுத்து, சிவந்த கண், கழுத்தோரம் வெளியே தெரியத் துடிக்கிற நரம்பு. ரத்தம் மிகுந்த உடம்பு என்று ஊரே பெருமையாகச் சொல்லும். கை பிடித்துப் பார்த்த வைத்தியரும் குதிரை நாடி என்று மெச்சிவிட்டுப் போனார். மூக்கில் ரத்தம் வந்தால் கெட்ட சூடு இறங்கியது என்று சந்தோஷப்படுவார்கள். தொம்மையின் அம்மை வாதம் அடித்து வருஷக்கணக்கில் பாயில் கிடந்து போனபோதும் இதையெல்லாம் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் அடுப்படியில் பவுலின் விஷயத்தைச் சொன்னாள். குழம்பு கிளறிக்கொண்டிருந்தவள் கிரேஸி, ஹென்றியின் விதவை. அந்த வீட்டுச் சமையல் அவள் கையில்தான்.

கிரேஸி அகப்பையை வைத்துவிட்டாள். "அவரு கையிலேர்ந்தும் ஒரு நா சோத்து உருண்டை இப்படித்தான் விழுந்துச்சி. சின்னப்புள்ள மாதிரி சிந்துதீயளேன்னு நான் சிரிச்சேன்."

"பாளையங்கோட்டையில ஒரு டாக்டர் இருக்காராம் அக்கா. கையில துணியைக் கட்டி ரத்தத்தை அளக்குதாராம்."

"கூட்டிட்டுப் போ. வரமாட்டேன்னா கருவாட்டு மூட்டையோட சேத்துக் கட்டிக் கொண்டுபோ."

தொம்மை வரமாட்டேன் என்றுதான் சொன்னார். டாக்டர் ஞானசிகாமணி வேறு சபை. கத்தோலிக்கர்கள் அந்தக் காலத்தில் மற்றச் சபைக்காரர்களைப் பதிதர் என்றுதான் சொல்வார்கள்.

"ஒரு பதிதன்கிட்ட போய் நான் கையை நீட்டணுமா?"

"உங்க கை எந்தக் கோயில்ல பூசை கண்டுச்சி? ஏறுங்க வண்டியில" என்றாள் பவுலின்.

ஜார்ஜ் ராஜா பட்டத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகாத காலம். பாளையங்கோட்டையிலேயே அந்தக் கருவி டாக்டர் ஞானசிகாமணியிடம் ஒன்றுதான் இருந்தது. பெட்டியைத் திறந்தால் நெட்டுக்குத்தாக ஒரு கண்ணாடிக் குழாய், அடியில் பாதரசம். வாய் கோணியதையும் அம்மையும் அண்ணனும் போன விதத்தையும் பவுலின் சொல்லக் கேட்டுவிட்டு, தொம்மையின் கையில் பட்டையைச் சுற்றி ரப்பர் உருண்டையை அமுக்கினார். பாதரசம் ஏறியது. நாடியில் விரலை வைத்துக்கொண்டு டாக்டர் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். ஓரிடத்தில் அவர் புருவம் நெரிந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடியும் அதே இடம்.

"எவ்வளவு ஐயா?" என்றாள் பவுலின்.

"இருநூறு. இவரு வயசுக்கு நூத்தி நாப்பதைத் தாண்டக்கூடாது."

"கூடத்தானவே இருக்கு, நல்லதுதான?" என்றார் தொம்மை.

டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து அவர் முன்னால் போட்டுக்கொண்டார். "உம்ம ஊரு அணைக்கட்டுலேர்ந்து வாய்க்காலுக்குத் தண்ணி விடுதாங்கல்லா. அளவா விட்டா வயலுக்குப் போவும். ராவும் பகலும் முட்டமுட்ட விட்டா?"

"கரையை அரிக்கும்."

"எங்க மெலிஞ்சிருக்கோ அங்கன பிச்சுக்கிடும். மண்ணைக் கொண்டாந்து தள்ளி எங்கயாவது அடைச்சாலும் அடைக்கும். தலைக்குள்ள அப்படி நடந்தாத்தான் வாதம். அன்னைக்கு உம்ம வாய் கோணினது அதுக்கு முன்னறிவிப்பு. இன்னொண்ணு கேளும். இந்த ரத்தத்தை எல்லாம் தள்ளுதது நெஞ்சு. கிணத்துல தண்ணி இழுக்குத கமலை மாடு மாதிரி அது. பாரத்தைக் கூட்டிக்கிட்டே போனா மாடு முதல்ல தடிக்கும், திமிறும், பாக்க நல்லாத்தான் இருக்கும்."

"அப்புறம்?"

"ஒரு நா படுத்துரும். உங்க அம்மைக்குக் கரை போச்சு. அண்ணனுக்கு மாடு படுத்துட்டுது. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணாத்தான் இருக்கும்."

பவுலின்தான் கேட்டாள். "மருந்து குடுப்பியளா?"

"இருந்தா குடுக்கமாட்டனா? இதுக்குன்னு மருந்து இன்னும் எவனும் கண்டுபிடிக்கல. உப்பைக் குறைச்சா சில பேருக்கு இறங்குதுன்னு பிரெஞ்சு டாக்டருமாரு சொல்லுதாங்க. இல்லைன்னு சொல்லுதவங்களும் இருக்காங்க. எனக்கு நம்பிக்கை இருக்கு. உப்பை விடும். மூட்டை தூக்காதேயும். கோவத்தையும் விடும்."

"கோவத்தை விட்டுட்டா இவரு பேசுததுக்கு ஒண்ணும் இருக்காது ஐயா" என்றாள் பவுலின்.

திரும்பி வரும்போது வண்டியில் தொம்மை முறுக்கிக்கொண்டே வந்தார். "மாட்டுக்கே தவுட்டுல உப்பு போட்டு வைக்கோம். எனக்கு உப்பு கிடையாதாம். நாக்கை வச்சுப் பிழைக்குதவன்கிட்ட சொல்லுத பேச்சாளா இது?"

பவுலினுக்கு வேறு யோசனை. அடுத்த வாரம் விபூதிப் புதன். அன்றிலிருந்து ஈஸ்டர் பண்டிகையான பாஸ்கா வரை தபசு காலம். ஆளுக்கொரு ஒறுத்தல் எடுப்பார்கள், பிரியமான ஒன்றைச் சேசுவுக்காக விட்டுவிடுவார்கள். டாக்டர் சொன்னதைத் தொம்மை கேட்கமாட்டார். மாதாவுக்குக் கொடுத்த வார்த்தையை மீறமாட்டார்.

புதன்கிழமை கோயிலில் நெற்றியில் சாம்பல் வாங்கித் திரும்பும்போது, பத்துப் பேர் கேட்கும்படி அவள் சொன்னாள். "எங்க வீட்டுல அவிய இந்தத் தபசுக்கு உப்பை விடுதாவ."

தொம்மை திடுக்கிட்டுத் திரும்பினார். அதற்குள் ஒரு கிழவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டுவிட்டார். "ஏ தொம்மை, உப்பையா? நான் வெத்திலையை விடுததுக்கே தடுமாறுதேன். பெரிய மனசுவே உமக்கு."

மாட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்து பவுலினை முறைத்தார். ஆனால் மாதா கோயில் வாசலில் விழுந்த வார்த்தை வார்த்தைதான். அன்றிலிருந்து கஞ்சியில் உப்பில்லை, குழம்பில் உப்பில்லை, மோரில் உப்பில்லை. கிரேஸி உப்புச்சட்டியைத் தூக்கிப் பரணில் போட்டாள். ஊர் முழுக்கத் தொம்மையின் தபசே பேச்சாக இருந்தது. சாமியார்கூடப் பிரசங்கத்தில் பேரைச் சொல்லாமல் ஜாடையாக எடுத்துச் சொன்னார். தொம்மைக்கும் மெல்ல ஒரு பெருமை ஏறிவிட்டது. முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி முழங்காலில் நின்றார்.

மாசி வெயில் ஏறியது. ஆறு சுருங்கி, துணி துவைக்கிற கற்கள் முதுகு காட்டின. வாழைக்கு மண் அணைக்கிறவர்கள் காலையிலேயே கரையேறினார்கள். தொம்மைக்குப் பிடரியில் வலி ஆரம்பித்தது. முதலில் விடியற்காலையில் மட்டும். பிறகு நாள் முழுக்க. குளித்துவிட்டுப் படித்துறை ஏறும்போது நடுவில் நின்று தூணைப் பிடித்துக்கொண்டார். ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை நடக்கும்போது மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து வெள்ளைச் சட்டையில் கோடு போட்டது.

பக்கத்தில் நின்றவர்கள் அதையும் பக்தி என்றார்கள். பவுலின் அன்று மத்தியானமே வண்டி கட்டச் சொன்னாள்.

பாதரசம் போன தடவை நின்ற இடத்தைத் தாண்டி நின்றது. டாக்டர் பட்டையைக் கழற்றி மேஜைமேல் போட்டார்.

"உப்பை விடலை."

"விட்டாச்சு."

"பொய் சொல்லாதேயும்வே. எனக்கென்ன, உம்ம உசுரு."

தொம்மை எழுந்துவிட்டார். கழுத்து நரம்பு விரல் பருமனுக்குப் புடைத்தது. "யாரைப் பாத்துப் பொய்யிங்கேரு? மாதாமேல வார்த்தை குடுத்திருக்கேன். ஒரு கல்லு உப்பு என் நாக்குல பட்டிருந்தா இந்த இடத்துலயே நான்..."

"இருங்க" என்று பவுலின் அவர் வாயைப் பொத்தினாள். "ஐயா, அவிய பொய் சொல்லல. நாங்களும் களவா போடல. எங்க அக்கா உப்புச்சட்டியைக் கண்ணாலயே பாக்கதில்ல."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பொய் சொல்லுகிற முகங்கள் இல்லை. "சரி. காலையில என்ன சாப்பிடுதாரு?"

"கஞ்சி. உப்பில்லாக் கஞ்சி."

"தொட்டுக்க?"

"நெத்திலிக் கருவாடு சுட்டது."

பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்த டாக்டரின் கை அப்படியே நின்றது.

பவுலின் குரலில் பெருமை இருந்தது. "மத்தியானம் வாளைக் கருவாட்டுக் குழம்பு. அதுல உப்பே போடுததில்ல. சாயங்காலம் சீலாக் கருவாடு. தபசு காலம்லா ஐயா, இறைச்சி, முட்டை ஒண்ணும் தொடுததில்ல. கஞ்சி உப்பில்லாம இறங்கமாட்டேங்குதுன்னு இப்ப கருவாடுதான் கொஞ்சம் கூட வைக்கோம்."

"யம்மா" என்றார் டாக்டர் மெதுவாக. "கருவாடு எதுல போட்டு எடுக்குதாங்க?"

"உப்புல."

சொன்ன பிறகுதான் அவள் காதில் அது விழுந்தது. வாயில் கைவைத்துக்கொண்டாள்.

தொம்மை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "கருவாடு எப்படிவே உப்பாவும்? அது மீனுல்லா. உப்புன்னா சட்டியில இருக்கது. தலைமுறை தலைமுறையாத் தபசுக்குக் கருவாடுதான் திங்கோம். அது ஒறுத்தல் சாப்பாடு."

டாக்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் பேர்லயும் தப்பிருக்கு. அன்னைக்கு நீரு வந்தப்பவே வாசல் வரைக்கும் மணத்துச்சு. நான் மூக்கைப் பிடிச்சேனே தவிர, யோசிக்கல. வியாபாரத்துல எப்படி? வாயில போட்டுப் பாப்பேரா?"

"தின்னு பாத்துத்தான் விலை."

"ஒரு நாளைக்கு எத்தனை துண்டு?"

"பெட்டிக்கு ஒண்ணு. சந்தை நாள்ல எண்ணிக்கிட்டா இருக்க முடியும்?"

"இனிமே தின்னக்கூடாது. பாத்தே ஆகணும்னா நாக்குல வச்சுட்டுத் துப்பிரணும்."

தொம்மைக்கு இருந்த கோபமெல்லாம் போய் முகம் வெளுத்தது. அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி கழுவி, கீறி, காயவைத்துக் கொண்டுவந்ததை அவள் கண்ணெதிரே துப்பினால், அது அவள் முகத்தில் துப்பியதற்குச் சமம். தொம்மையின் தகப்பனார் காலத்தில் எவனோ ஒரு வியாபாரி அப்படித் துப்பினான். புன்னைக்காயலிலிருந்து அவனுக்கு ஒரு செதில்கூட அப்புறம் போகவில்லை.

"அப்ப கடையைச் சாத்திரவேண்டியதுதான்" என்றார். குரல் சின்னதாக வந்தது.

வழியில் மரத்தடியில் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டினார்கள். தொம்மை வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து நின்றார்.

"நாக்கு இல்லாட்டா நான் யாருளா? வெறும் தடியன்."

"தடியனா இருங்க. நான் என்ன வேண்டாம்னா சொல்லுதேன்."

"ஊரு சிரிக்கும்."

"உங்க அண்ணன் செத்தன்னைக்கு ஊரு அழுதுச்சில்லா. அழுதுட்டு மத்தியானம் அவங்கவங்க வீட்டுக்குச் சாப்பிடப் போயிட்டாவ. எங்க அக்காதான் இன்னும் அவருக்கும் சேத்து அரிசி போட்டுட்டு, பெறவு ஒரு பிடி அள்ளி எடுக்கா. தினமும் பாக்கேன். நான் அப்படி ஒரு பிடி அள்ள மாட்டேன், சொல்லிட்டேன்."

தொம்மை ரொம்ப நேரம் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்படிக்குப் போய், கொடியில் தொங்கிய கருவாட்டுச் சரத்தைத் தானே அறுத்துக் கிரேஸியின் கையில் கொடுத்தார்.

"என்ன கொழுந்தனாரே இது?"

"உப்பு" என்றார் தொம்மை.

அந்த வாரச் சந்தைக்கு அவர் போகவில்லை, காய்ச்சல் என்று சொல்லச் சொன்னார். அடுத்த வாரமும் அதே காய்ச்சல். பவுலின் மூக்கை வைத்தும் கையால் வளைத்துப் பார்த்தும் விலை சொன்னாள், பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே காசை வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் தொம்மை வாழைத்தண்டும் கத்தரிக்காயும் எலுமிச்சம் பிழிந்த சோறும் தின்றார். முதல் சில நாள் மண்ணைத் தின்பதுபோல இருந்தது. ஒரு நாள் வெறும் கஞ்சியைக் குடித்துவிட்டுக் கேட்டார், "அரிசி எங்க வாங்கினீய? பழைய நெல்லுல்லா இது." கிரேஸி கடைக்காரனிடம் விசாரித்தாள். பழைய நெல்தான்.

குருத்தோலை வாரத்தில் சவேரியம்மா கிட்டங்கி வாசலில் நின்று குரல் கொடுத்தாள். "அண்ணாச்சிக்குக் காய்ச்சல் தீந்துச்சா, இல்ல எங்க முகத்துல முழிக்கப் பிடிக்கலையா? பவுலின் மூக்குக்கு நாங்க கருவாடு விக்க மாட்டோம்."

பவுலின் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தொம்மை வெளியே வந்துவிட்டார். இளைத்திருந்தார். பெட்டிமுன் குந்தி, வாளையில் நகத்தளவு பிய்த்து நுனிநாக்கில் வைத்தார். பெண்கள் அவர் தொண்டையைப் பார்த்தார்கள்.

திரும்பி மண்ணில் துப்பினார்.

ஒரு பெட்டியின் மூடி படீரென்று விழுந்தது. சவேரியம்மா எழுந்து நின்றாள். "என்ன செஞ்சீரு இப்ப?"

"துப்பினேன்."

"என் கைப்பாட்டைத் துப்பினீரா? பத்து வருசம் தின்ன வாயாவே அது?"

"தின்னதுதான் தாயி வினை. உன் மீனைத் துப்பல. எங்க அண்ணனைக் கொண்டுபோன உப்பைத் துப்புதேன்." பிறகு எல்லாவற்றையும் சொன்னார். வாய் கோணியது, பாதரசம், வாய்க்கால் கரை, கமலை மாடு, பரணில் ஏறிய உப்புச்சட்டி, அதற்கடியில் உட்கார்ந்து தின்ற கருவாடு. கருவாடு மீன்தானே என்று டாக்டரிடம் சண்டை போட்டதையும் மறைக்கவில்லை. அங்கே வந்ததும் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். சவேரியம்மா சிரிக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரரும் தலைவலி தலைவலிம்பாரு" என்றாள். "வள்ளத்துல வலை இழுக்கும்போதே சாஞ்சுட்டாரு. காத்துக்கருப்புன்னாவ."

தொம்மை அவள் பெட்டியை இன்னும் அருகே இழுத்துக்கொண்டார். பிறகு இன்னொரு துணுக்கைப் பிய்த்து நாக்கில் வைத்தார், துப்பினார். முகத்தைச் சுளித்தார். "சவேரி, இது நல்ல உப்பு இல்ல. உப்பளத்துப் பாத்தியோட அடியில சுரண்டினது. கடைசியில கசக்குது."

சவேரியம்மா திகைத்துப்போனாள். மற்றவர்களைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்க ஆரம்பித்தாள்.

"பத்து வருசமா அந்தச் சுரண்டின உப்பைத்தான் போடுதேன் அண்ணாச்சி. இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சீரு."

கிட்டங்கி முழுக்கச் சிரிப்பு. தொம்மைதான் கடைசியாகச் சிரித்தார். இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்த வாயைப் பவுலின் தராசுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாஸ்கா கழிந்த வாரம் பாளையங்கோட்டைக்கு வண்டி போனது. கூண்டுக்குள் கருவாடு இல்லை. கிரேஸி இருந்தாள், சவேரியம்மா இருந்தாள், புன்னைக்காயல்காரிகள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். வழியெல்லாம் பதிதர் வீட்டில் தண்ணீர் குடிக்கலாமா என்று விவாதம். முருகன்குறிச்சி வருவதற்குள் தாகம் எடுத்து, குடிக்கலாம் என்று முடிவாயிற்று.

டாக்டர் முதலில் தொம்மையின் கையைக் கட்டினார். பவுலினுக்கு எழுத்து தெரியாது. ஆனால் முன் இரண்டு தடவையும் பாதரசம் எங்கே நின்றது என்று அவள் கண்ணுக்குத் தெரியும். அது அந்த இடங்களைத் தாண்டிக் கீழே வந்தது. இன்னும் வந்தது. அவள் மூச்சை விட்டாள்.

"நூத்தி அறுபத்தஞ்சு" என்றார் டாக்டர். தான் சொன்னதைத் தானே நம்பாதவர்போல மறுபடியும் ஒருமுறை பார்த்தார். "சரியாயிட்டுன்னு சொல்லமாட்டேன். ஆனா மாட்டுக்குப் பாரம் குறைஞ்சிருக்கு. இப்படியே போனா ரொம்ப நாளு இழுக்கும்."

"பாஸ்கா முடிஞ்சிட்டே. தபசு எப்ப முடியும்?"

"உமக்கு முடியாதுவே. சாகுத வரைக்கும் தபசுதான்."

"அது எப்ப?"

"நீரு தபசு இருக்கதைப் பொறுத்து."

தொம்மை தலையை ஆட்டிக்கொண்டே எழுந்து நாற்காலியைச் சவேரியம்மாவுக்குக் காட்டினார். அவள் விளிம்பில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, கையை நீட்டுவதும் மடக்குவதுமாக இருந்தாள். குழாயைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"வலிக்குமா அண்ணாச்சி?"

"இறுக்கும். பெறவு பைய விடும். மூச்சைப் பிடிக்காத."

"கூட வந்தா என்ன செய்ய? நான் உப்புலயே பொறந்து உப்புலயே கிடக்கவ."

"கூட வந்தா வீட்டுக்கு வா. எங்க மதினி உப்பில்லாம கத்தரிக்கா கூட்டு வைக்கா. முதல் வாரம் அழுவ. மூணாவது வாரம் இன்னொரு கை கேப்ப."

சவேரியம்மா கிரேஸியைப் பார்த்தாள். கிரேஸி, ஆமாம் என்றாள்.

"கட்டும் ஐயா" என்று சவேரியம்மா கையை மேஜைமேல் வைத்தாள்.